ஏப்பம் விட்ட சாமியறை

இந்த வருடம் மாசி மாதத்தில் எங்கள் வீட்டுச் சாமியறை நிமிடத்துக்கு ஏழு தடவை ஏப்பம் விட்டது. ஏழு என்பது சராசரி. காலையில் ஆறு, குசினியில் சமையல் நடந்து வீடு சூடேறிய பிறகு எட்டு, ஒருநாள் மட்டும் பதினொன்று. கதவுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு, மணிக்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான்தான் எண்ணினேன். 'ப்ளுக்' என்று ஒரு சத்தம். பிறகு அமைதி. மறுபடியும் 'ப்ளுக்'. புதிதாகப் பிறந்த பேரனைப் பார்க்க வந்த நகரசபைத் தாதி, ஒரு டேனிஷ்காரப் பெண், காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "எங்கேயோ குழாய் ஒழுகுகிறது போலிருக்கிறதே" என்றாள். "இல்லை, அது எங்கள் கோயில்" என்றேன். அவள் மெதுவாகத் தலையாட்டிவிட்டுத் தன் கணினியில் எதையோ தட்டினாள். என்ன எழுதியிருப்பாள் என்ற கவலை எனக்கு இரண்டு நாளாகத் தீரவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். ஏப்பம் விட்டது கடவுளல்ல, பியர். சாமிப் படங்களுக்குக் கீழே, தேங்காயும் கற்பூரமும் வைக்கிற பலகைத் தட்டில், பத்து லீட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது. அதன் மூடியில் வளைந்த குழாய் ஒன்று, குழாயில் பாதிக்குத் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு தண்ணீரை முட்டிக்கொண்டு வெளியே வரும்; வெளிக்காற்று உள்ளே போகாது. நான் யாழ்ப்பாணத்தில் டியூட்டரியில் இரசாயனம் படிப்பித்தவன். சீனி நொதித்து அற்ககோலும் காபனீரொட்சைட்டும் ஆகும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்ற கணக்கு, எதையும் எண்ணுகிற என்னிடமே இல்லை. சமன்பாட்டின் நடுவில் ஓர் அம்புக்குறி வரும். அந்த அம்புக்குறி ஏப்பம் விடும் என்பதை எழுபது வயதில், டென்மார்க்கின் பிரெடெரிசியாவில், இரண்டாம் மாடி வீடொன்றில்தான் தெரிந்துகொண்டேன்.

வாளியைத் தந்தவர் என் சம்பந்தி பிரெபன். எங்கள் ஒரே மகள் அபிராமியைக் கட்டிய ராஸ்முஸின் தகப்பன். துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் திருத்தி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஆறடிக்கு மேலே உயரம். சம்பந்தி என்ற சொல்லுக்கு டேனிஷ் மொழியில் சொல்லே கிடையாது. அவர் என்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது "என் மருமகளின் தகப்பன்" என்பார். அதாவது அவருக்கு மருமகள் உண்டு, மருமகளுக்கு ஒரு தகப்பன் உண்டு. ஆனால் அவருக்கும் எனக்கும் நேராக ஒன்றுமில்லை. கல்யாணம் முடிந்த நான்கு வருடத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு ஒன்பது தடவை வந்தார். ஒன்பது தடவையும் ஜாக்கெட்டைக் கழற்றாமல், பல் வைத்தியரிடம் காத்திருக்கிறவரைப் போல சோபாவின் நுனியில் இருந்தார். ஒன்பது தடவையும் உப்பு லக்ரிஸ் ஒரு பை கொண்டுவந்தார். அது இந்நாட்டவர் ஆசையாய்ச் சப்பும் கறுப்பு இனிப்பு. இனிப்பு என்பது பெயருக்குத்தான். நான் "மங்கே தக்" என்பேன், மிக்க நன்றி. என் மனைவி திலகம் வடை வைப்பாள். அவர் இரண்டு வடை சாப்பிடுவார், மூன்றாவதை எடுக்கமாட்டார், "அருமை, மங்கே தக்" என்பார். பிறகு இருவரும் யன்னலால் காற்றைப் பார்ப்போம். காற்றைப் பற்றிக் கதைத்து முடிந்ததும் அவர் எழும்பிவிடுவார்.

"பாவம், நல்ல மனுசன். வைக்கிறதெல்லாம் ருசியெண்டு சொல்லுறார். நீங்கள் ஒருநாளாவது சொன்னனீங்களே?" என்று திலகம் என்னைக் குத்திக் காட்டுவாள். எனக்கு அந்தப் புகழ்ச்சியில்தான் சந்தேகம். ராஸ்முஸின் பிறந்தநாளுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். பிரெபனின் தம்பி ஊறுகாய் போட்ட மீன் கொண்டுவந்திருந்தார். பிரெபன் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்க, "இது மீனா, இல்லை உன் பழைய சப்பாத்துத் தோலா?" என்றார். தம்பிக்குக் கோபம் வரவில்லை. "உன் கோப்பியைக் குடித்து நாக்குச் செத்தவனுக்கு மீன் எப்படி விளங்கும்?" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். மேசை முழுவதும் சிரித்தது. அடுத்த வாய் திலகத்தின் கத்தரிக்காய்ப் பொரியல். பிரெபனின் முகம் உடனே ஞாயிற்றுக்கிழமை முகமாயிற்று. "அருமை, மங்கே தக்." அன்றைக்கு எனக்கு விளங்கியது. இந்த யூட்லாந்துப் பக்கத்து டேனிஷ்காரர் தம்முடையவர்களைத் திட்டுவார்கள், விருந்தாளிக்கு நன்றி சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது நன்றி. நாங்களோ சம்பந்தி என்றால் குரலையே இறக்கிக் கதைக்கிற ஆட்கள். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், அவ்வளவு இடைவெளி.

நன்றி எவ்வளவு குளிரானது என்பது எனக்குப் புதிதல்ல. இந்நாட்டுக்கு வந்த புதிதில் எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் பெட்டி எண்ணுகிற வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் ஒரு பெட்டி பியரை மேசையில் வைப்பார். எனக்கு நீட்டுவார். நான் "நை தக்", வேண்டாம், நன்றி என்பேன். மூன்றாம் வெள்ளியிலிருந்து அந்த மேசையின் ஓரத்தில் எனக்கென்று ஒரு தோடம்பழச் சோடா தனியாக நிற்கத் தொடங்கியது. ஒரு கிழமைகூட அவர்கள் அதை மறக்கவில்லை. நல்ல மனிதர்கள். ஆனால் பியர்ப் பெட்டியைச் சுற்றி நடந்த பகிடி ஒன்றுகூடச் சோடாப் போத்தல் வரைக்கும் வரவில்லை.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு பிரெபன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். வீட்டில் பியர் காய்ச்சப் பழகுகிறவர்களுக்கான பெட்டி. வாளி, வெப்பமானி, தேன்போலத் தடித்த மாவெல்லப் பாகு ஒரு தகரம், ஹொப் என்கிற கசப்புப் பூ ஒரு பை, மதுவம் என்கிற ஈஸ்ட் ஒரு பொட்டலம். "நீங்கள் இரசாயன ஆசிரியர் அல்லவா, பரிசோதனை செய்து பாருங்கள்" என்றார். நான்கு வருடத்தில் அவர் என்னைப் பற்றி ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருந்திருக்கிறார்! ஆனால் திலகம் பெட்டியில் இருந்த நுரை தள்ளும் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். "உது விளக்கு வைக்கிற வீட்டுக்க திறக்கிறேல்லை." பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது.

பிறகு பேரன் பிறந்தான். முதல் பிள்ளை, ஆகவே அபிராமி ஒரு மாதம் எங்களோடு இருக்க வந்தாள். கூடவே ராஸ்முஸும் வந்து சோபாவில் படுத்தான். துடக்குப் பிரச்சினை வந்தது. பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் சாமி விளக்கு ஏற்றுவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. ஆனால் முறைப்படி இந்தத் துடக்கு பிள்ளையின் தகப்பன் வழிக்கு உரியது. தகப்பன் வழி என்றால் ராஸ்முஸ், பிரெபன், அந்த ஊறுகாய்த் தம்பி. திலகம் ஒரு பகல் முழுக்க யோசித்தாள்.

"அவையள் காக்கமாட்டினம். அதுக்காக எங்கட பிள்ளையைத் துடக்கில்லாமல் வளர்க்கேலுமே? அவையளுக்காண்டி நாங்கள் காப்பம்" என்று சாமியறைத் திரையை இழுத்து மூடினாள்.

அந்த மூடிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் சாமியறை உண்மையில் யன்னலில்லாத ஒரு களஞ்சிய அறை. கட்டடத்தின் சூட்டுக் குழாய் அதன் சுவருக்குள்ளால் போகிறது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே இருபது பாகை, பெரிதாகக் கூடாது குறையாது. மதுவம் கேட்பதும் அதே இருபது. வாளியில் இரண்டு கிழமை, போத்தலில் இரண்டு கிழமை, ஆக இருபத்தெட்டு நாள் என்று பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது. விளக்கில்லாத நாட்கள் முப்பத்தொன்று. கணக்கு இப்படிப் பொருந்தி வருவது வாழ்க்கையில் எத்தனை தடவை நடக்கும்?

"இஞ்சாரும், துடக்கு வீட்டில சாமியறை எண்டு ஒண்டு இல்லைத்தானே இப்ப?" என்று மெல்லத் தொடங்கினேன்.

"சுத்தி வளைக்காமச் சொல்லுங்கோ."

சொன்னேன். திலகம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தலையில மயிர் கொட்டக் கொட்டத்தான் உங்களுக்கு உந்தப் புத்தியெல்லாம் முளைக்குது" என்றாள். உள்ளே பேரன் தும்மினான். அவள் முகம் இளகியது. "முப்பத்தோராம் நாள் ஐயர் வாறார். அண்டைக்கு வீட்டுக்க ஒரு துளி இருக்கப்படாது. சம்பந்தியையும் அண்டைக்கு வரச் சொல்லுங்கோ. அவருக்குக் குடுக்கத்தானே இந்தக் கூத்து?"

பிரெபனுக்குத் தொலைபேசியில் விளக்கப் போய் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முப்பத்தொரு நாள் விளக்கு வைப்பதில்லை என்றதும் "பிள்ளைக்குத் தொற்றுநோயா?" என்று பதறினார். இல்லை, பிள்ளை சுகம், சாமிக்குத்தான் பூசை இல்லை என்றேன். அவர் சற்று யோசித்தார். "அப்படியென்றால் கடவுளுக்கு விடுமுறையா?" கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "முப்பத்தொரு நாள்தானா? எங்களுக்கே வருடத்துக்கு ஆறு கிழமை. உங்கள் கடவுள் தொழிற்சங்கத்தில் சேரவில்லையா?" நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இருவருக்கும் கூச்சமாகிவிட்டது போல, அவர் காற்று பலமாயிருக்கிறது என்றார்.

வாளி, கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கிருமி நீக்கும் தண்ணீரில் மூன்று தடவை கழுவினேன். தாளில் ஒரு தடவை என்றுதான் இருந்தது. காய்ச்சி, ஆறவைத்து, மதுவத்தைத் தூவி, மூடினேன். முதல் நாள் சத்தமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பிரெபன் காலையில் தொலைபேசி எடுத்து "எத்தனை?" என்று கேட்டார். "பூச்சியம்." மூன்றாம் நாளும் பூச்சியம். மதுவம் செத்திருக்குமோ, நான் அதிகம் கழுவி அதைக் கொன்றுவிட்டேனோ, முப்பத்தோராம் நாள் அந்த மனிதர் முன்னால் வெறும் கையோடு நிற்கப்போகிறேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பியர் வராவிட்டால் என்ன, கடையில் இல்லாத பியரா? ஆனால் "எத்தனை?" என்று கேட்க இனி அவர் தொலைபேசி எடுக்கமாட்டார். பத்தாவது தடவையும் வருவார், ஜாக்கெட்டோடு இருப்பார், அருமை என்பார், காற்றைப் பார்ப்போம். பேரனுக்கு விபரம் தெரியும் வயதிலும் அவனுடைய இரண்டு கிழவர்களும் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

நாலாம் நாள் காலை முகம் கழுவப் போகும்போது கேட்டது. 'ப்ளுக்.' சாமியறைக்குள் ஓடினேன். வாளியின் மூடியில் ஒரு கை அகலத்துக்கு ஈரம் இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. "ஏழு!" என்று பிரெபனுக்குக் கத்தினேன். "தில்லுக்க!" என்று அவர் திருப்பிக் கத்தினார். பேரன் பிறந்ததற்கும் அவர் எனக்கு அதே வாழ்த்தைத்தான் சொன்னவர், ஆனால் இவ்வளவு சத்தமாக அல்ல.

பிறகு ஒவ்வொரு காலையும் எண்ணிக்கை போனது. எண்ணிக்கையோடு வேறு கதைகளும் போயின. இழுவைப் படகொன்றின் எஞ்சினுக்குள் பூனை குட்டி போட்ட கதையை அவர் சொன்னார். மின்சாரமில்லாத இரவுகளில் மண்ணெண்ணெய் லாம்பு வெளிச்சத்தில் நான் நொதித்தல் படிப்பித்த கதையைச் சொன்னேன். குமிழி குறையக் குறைய எனக்குக் கலக்கம். குமிழி நின்றால் கதையும் நின்றுவிடுமே. நின்ற அன்று போத்தலில் அடைக்கும் முறையைக் கேட்கும் சாக்கில் நானே தொலைபேசி எடுத்தேன். கம்பிப் பூட்டு வைத்த பழைய போத்தல்களை ராஸ்முஸிடம் கொடுத்தனுப்பினார். இருபத்தாறு போத்தல் நிறைந்தது. நுரை வருவதற்காகப் போத்தலில் போடத் தாளில் சொன்ன சீனிக்குப் பதிலாகப் பாதிக்குப் பனங்கட்டி போட்டேன். பரிசோதனை என்றால் ஏதாவது மாறத்தானே வேண்டும். பிறகு போத்தல் வெடிக்குமோ என்ற பயத்தில் அவற்றின் மேல் திலகத்தின் பழைய போர்வை இரண்டைப் போர்த்தி வைத்தேன். பேரனுக்கு ஒன்றுதான் போர்த்தியிருந்தது.

முப்பதாம் நாள் வாளி, போத்தல், போர்வை எல்லாம் பல்கணிக்குப் போயின. வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மறுநாள் ஐயர் வந்து துடக்குக் கழிக்கப் புண்ணியாகவாசனம் செய்தார். கடையில் பொதியாக விற்கும் மாவிலையால் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தவர் பல்கணிக் கதவடியில் நின்றார்.

"உதென்ன போர்வைக்குக் கீழ?"

"போத்தலுகள், ஐயா."

"என்ன போத்தல்?"

"ஒரு விஞ்ஞானப் பரிசோதனை, ஐயா."

ஐயர் என் முகத்தைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். பிறகு மற்ற அறைகளுக்கு ஒரு தடவை தெளித்தவர், அங்கே இரண்டு தடவை தெளித்துவிட்டுப் போனார்.

பிரெபன் வந்தார், ஜாக்கெட்டோடு, பத்தாவது லக்ரிஸ் பையோடு. சாப்பாடு முடிந்தது. அருமை, மங்கே தக். ஐயர் காரில் ஏறிய பிறகு நாங்கள் இருவரும் பல்கணிக்குப் போனோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திலகம், பிள்ளையோடு அபிராமி, ராஸ்முஸ். போத்தலைத் திறந்தேன், நுரை வந்தது. ஊற்றிக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு மிடறு குடித்து, வாயில் வைத்திருந்தார். அவர் முகம் ஞாயிற்றுக்கிழமை முகமாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். 'மங்கே தக்' என்ற அந்த இரண்டு சொல் வந்தால் எல்லாம் முடிந்தது.

அவர் விழுங்கினார். முகம் நாலு பக்கமும் கோணியது.

"இது பயங்கரமாயிருக்கிறது," என்றார். "என் படகு எஞ்சினிலிருந்து வடிகிற தண்ணீர் இதைவிட நல்லது. நீங்களா இரசாயனம் படிப்பித்தீர்கள்? அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா?"

"ஃபார்!" என்று ராஸ்முஸ் உள்ளேயிருந்து தகப்பனை அதட்டினான். திலகம் கதவைத் திறந்தாள். "என்னவாம்?"

"கூடாதாம். படுமோசமாம்."

"அப்பிடியே சொன்னவர்? முகத்துக்கு நேர? சம்பந்தி சொல்லுற கதையே அது?" அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கோ நெஞ்சுக்குள் யாரோ கதிரை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னது போலிருந்தது.

பிரெபன் நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு மிடறு குடித்தார். "புளிக்கிறது. உள்ளே ஏதோ போயிருக்கிறது. எல்லாம் கழுவினீர்களா?"

"மூன்று தடவை!"

அபிராமி தாய்க்கு மொழிபெயர்த்தாள். திலகம் சேலைத் தலைப்பைத் திருகினாள். "நான்தான் ஒருக்கா கைய விட்டுக் கலக்கினனான். மூண்டு நாளாப் பொங்கேல்லையெண்டு இந்த மனுசன் தின்னாமத் திரிஞ்சவர். தோசைமாவும் அப்பிடித்தானே, கைபட்டாத்தானே பொங்கும்? பிறகு மூடியை முழங்கையால அமத்தி நல்லா இறுக்கி விட்டனான்."

அபிராமி அதை டேனிஷில் சொல்லி முடிக்கும் முன்பே பிரெபன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். மூடி இறுகாததால்தான் முதலில் குமிழி வரவில்லை, வாயு பக்கத்தால் போயிருக்கிறது என்றார். "ஆகவே உங்கள் மனைவிதான் இதைத் திருத்தினார், உங்கள் மனைவிதான் இதைக் கெடுத்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"எண்ணினேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திலகத்தின் பக்கம் திரும்பினார். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது தெரிந்தது. "அந்த வடை," என்றார். "நான்கு வருடமாக என் வாய் எரிகிறது."

"நாலு வரியமா ஏன் வாயைத் திறக்கேல்லை?" என்று திலகம் தமிழிலேயே அவரிடம் நேரடியாகக் கேட்டாள். கண்ணில் இருந்த தண்ணீர் காய்ந்து கோபம் வந்துவிட்டது. "மிளகாய் போடாமச் சுடுறதென்ன பெரிய வேலையே?"

இனி என் முறை. அவரை உள்ளே கூட்டிவந்தேன். அலுமாரியைத் திறந்து ஒன்பது லக்ரிஸ் பைகளையும் அள்ளிக்கொண்டு வந்து, பத்தாவதையும் சேர்த்து, அவர் முன்னால் மேசையில் அடுக்கினேன். "இது பற்றறித் தண்ணீரில் ஊறவைத்த சைக்கிள் டயர். எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்" என்றேன். பிரெபன் அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துக் கழற்றிக் கதிரையில் போட்டார். ஒரு பையைக் கிழித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "இன்னொரு போத்தல் கொண்டுவாருங்கள்" என்றார். "இதோடு குடித்தால் ஒருவேளை தாங்கலாம்." தாங்கவில்லை. அன்று மாலை அவர் போனபோது வெளியே காற்று எப்படியிருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

இப்போது சாமியறையில் விளக்கு எரிகிறது, சாம்பிராணி மணக்கிறது, சத்தமில்லை. வாளி பிரெபனின் தோட்டக் கொட்டிலில், ஒரு பழைய மின்போர்வைக்குள் இருக்கிறது. இரண்டாம் பரிசோதனை. மாவெல்லமும் கசப்புப் பூவும் அவருடையவை, பனங்கட்டியும் ஏலக்காயும் என்னுடையவை. வாளிப் பக்கம் போகத் திலகத்துக்குத் தடை.

முன்பொரு காலத்தில், ஊரில் சண்டை நடந்த வருடங்களில், எஸ்பியர்க் தொலைபேசிக் கூண்டிலிருந்து கொழும்பு லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த என் அக்காவோடு கதைப்பேன். சொல்ல இருந்ததெல்லாம் முடிந்த பிறகும் வைக்க மனம் வராது. "இஞ்ச காகமே இல்லை, அக்கா" என்று ஒருநாள் சொன்னேன். அவள் தொலைபேசியை யன்னலுக்கு வெளியே நீட்டினாள். "கேள், கத்துது." நான் கூண்டுக்குள் நின்று கொழும்புக் காகங்களை எண்ணினேன்.

இன்று காலை பிரெபன் தொலைபேசி எடுத்தார். காது கொஞ்சம் மந்தம், குமிழிச் சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. "நீங்களே எண்ணுங்கள்" என்று தொலைபேசியை வாளிக்குக் கிட்டே பிடித்தார். நான் விளக்குக்கு முன்னால் கதிரையைப் போட்டு, மணிக்கூட்டைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் 'ப்ளுக்' என்றது. அவருடைய கொட்டில் கூரையில் டேனிஷ் காகம் ஒன்றும் கத்தியது. அதையும் சேர்த்தே எண்ணினேன்.